கோழி சோர்ந்து நிற்கிறதா? அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

கோழிக்கு உடம்பு சரியில்லை என்றால் அது காட்டும் தோற்றம் ஒன்றுதான். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடி ஓரமாய் நிற்கும். வயிற்றில் புழு இருந்தாலும் அப்படித்தான் நிற்கும், முட்டை அடைத்திருந்தாலும் அப்படித்தான், வெள்ளைக்கழிச்சல் என்றாலும் அப்படித்தான். அந்தத் தோற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் சிவப்பு மஞ்சள் கேப்சூல் ஒன்று வாங்கி, பிரித்து, சோற்றில் உருட்டி வாயில் திணிப்பதுதான் கடலூர், புதுச்சேரி எல்லையோரம் இருக்கும் எங்கள் ரெட்டிச்சாவடி, பாகூர் பக்கம் வழக்கமாக நடக்கிறது. பாதி நேரம் அதனால் ஒரு பயனும் இல்லை, அதற்குள் ஒருநாள் போய்விடும், கோழிக்கு அந்த ஒருநாள் ரொம்பப் பெரியது.

கூடையில் கோழியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான்ணே மேஞ்சுது." மேய்ந்திருக்கும். நோவை மறைப்பது கோழியின் இயல்பு, கூட்டத்தில் சுணங்கி நின்றால் மற்ற கோழிகளே கொத்தும். நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் இரண்டு மூன்று நாள் முற்றியிருக்கும். அதனால் மருந்து தேடுவதற்கு முன்னால் கீழே இருப்பதைச் செய்துவிடுங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

எத்தனை கோழிக்கு என்று எண்ணுங்கள். இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி. ஒன்றே ஒன்று மட்டும் சோர்ந்து, மற்றவை துறுதுறு என்று மேய்ந்தால் பெரும்பாலும் அந்தக் கோழியின் சொந்தப் பிரச்சினை: முட்டை அடைப்பு, இரைப்பை அடைப்பு, காயம், புழு. ஒரே நாளில், அல்லது அடுத்தடுத்த நாட்களில் இரண்டு மூன்று விழுந்தால் அது தொற்று, இல்லையென்றால் விஷம். தொற்று என்று பட்டால் கீழே உள்ள தலைப்புகளைப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

சோர்ந்ததைத் தனியாக வையுங்கள். கூடை கவிழ்த்தாலும் சரி, அட்டைப்பெட்டி ஆனாலும் சரி, காற்றோட்டமான நிழலில், மற்ற கோழிகள் அண்டாத இடத்தில். அடியில் பழைய வெள்ளைத் துணியோ செய்தித்தாளோ விரியுங்கள். எச்சத்தின் நிறம் அதில்தான் தெரியும், மண்ணில் விட்டால் ஒன்றும் தெரியாது. தண்ணீரும் தீவனமும் நல்ல கோழிகளுக்கு முதலில் வைத்துவிட்டு, நோய்க்கோழிக்குக் கடைசியாக வையுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதே செருப்போடு நல்ல கோழிகளிடம் போகாதீர்கள்.

தண்ணீர். ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து வைத்தால் போதும். குடிக்கவில்லை என்றால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அதுவே நக்கி விழுங்கும். வாயைப் பிளந்து தொண்டைக்குள் ஊற்றவே கூடாது. டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கு முடியும் இடத்தில், தொண்டைப் பக்கம் ஒரு சின்னப் பிளவு திறந்து திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழல் வாய். ஊற்றுகிற தண்ணீர் நேராக அதில் இறங்கினால் நோயால் சாகாத கோழி நம் கையால் செத்துவிடும்.

தொட்டுப் பார்த்து "காய்ச்சல் அடிக்குது" என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல கோழிக்கே உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், எப்போது தொட்டாலும் சுடத்தான் செய்யும்.

## வெறும் சோர்வு, வேறு ஒன்றும் தெரியவில்லை

முதலில் நோயே இல்லாத இரண்டு காரணங்களைத் தள்ளிவிடுங்கள். பெட்டைக்கோழி கூட்டை விட்டு எழாமல் உப்பிக்கொண்டு உட்கார்ந்து, கை நீட்டினால் கொர்ரென்று சீறினால் அது அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. ஒருநாளைக்கு ஒரு தடவை எழுந்து பெரிதாக, நாற்றமாக எச்சம் போடும், அதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். இன்னொன்று இறகு உதிர்ப்பு. கழுத்தும் முதுகும் மொட்டையாகி, முட்டையும் நின்று, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். தோலில் முள் முள்ளாகப் புது இறகு முளைத்து வந்தால் அது இயல்பு. கொஞ்சம் கூடுதலாக உப்புப் போடாத மீன் கழிவோ பயறோ கொடுங்கள், தானாகச் சரியாகும்.

அடுத்து வெயில். கத்திரியில் மதியம் வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிவைத்து இளைக்கிறது என்றால் நோய் தேட வேண்டாம். நம் கடற்கரை ஓரத்தில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துவிடுவதால் இளைப்பதால் உடம்பு சீக்கிரம் ஆறாது, நம்மை விடக் கோழிக்கு அது மோசம். நிழலுக்கு மாற்றி, காலையும் அடிவயிற்றையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வெயில் நாட்களில் தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் வைத்து, மதியம் தண்ணீர் மட்டும் மண்சட்டியில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

இது எதுவும் இல்லை என்றால் கோழியைக் கையில் எடுங்கள்.

நெஞ்செலும்பைத் தடவுங்கள். எலும்பு கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டு இரண்டு பக்கமும் சதை வற்றியிருந்தால் நோவு இன்று வந்ததில்லை, பல வாரமாக இருக்கிறது. முதல் சந்தேகம் குடற்புழு. எச்சத்தில் நூல் போல வெள்ளையாக நெளிந்தால் சந்தேகமே இல்லை, ஆனால் நெளியவில்லை என்பதற்காகப் புழு இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேய்கிற கோழிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து கொடுப்பது நல்லது. ஆஸ்பத்திரியில் கேட்டால் எடைக்கு அளவு சொல்வார்கள். மொத்தக் கோழிக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

வாலுக்கு அடியில், கழிவாய் ஓரம் இறகைப் பிரித்துப் பாருங்கள். அங்கேதான் பேன் ஓடும், இறகின் அடியில் வெள்ளை முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கறுப்புப் புள்ளிகள் அசையாமல் ஒட்டியிருந்தால் அது தெள்ளுப்பூச்சி. பகலில் கோழி உடம்பில் ஒன்றுமே இல்லை, கொண்டை மட்டும் வெளுத்துப்போயிருக்கிறது என்றால் இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு கூட்டுக்குப் போங்கள். மரச்சட்டத்தின் இடுக்கிலும் ஓலை முடிச்சிலும் பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்க வரும் உண்ணியும் செந்நிறச் செள்ளும் அப்போதுதான் கண்ணில் படும். இதில் கோழிக்கு மருந்து போடுவதை விட கூட்டைச் சரிசெய்வதுதான் பெரிய வேலை. ஓலையை எரித்துவிடுங்கள், இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடியுங்கள், ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து குழி போட்டுவையுங்கள், கோழி தானே புரண்டு பேனை உதறும். தெள்ளுப்பூச்சி மேல் தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவினால் மூச்சு முட்டி உதிரும், கண்ணுக்குள் படாமல் தடவ வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேல் தெளிக்கவே கூடாது.

## கழிச்சல்

நல்ல எச்சம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டது தெரியும். பழுப்பு அல்லது சாம்பல் நிறக் கட்டி, அதன் மேல் வெள்ளைத் தொப்பி, இது சாதாரணம். நாளில் சில தடவை பிசுபிசு என்று காபிக்கொட்டை நிறத்தில் கடும் நாற்றத்தோடு ஒன்று வரும், அதுவும் சாதாரணம்தான். இதைப் பார்த்துப் பதறி மருந்து கொடுப்பவர்கள் நிறைய.

### தண்ணீராகப் போகிறது, நிறம் மாறவில்லை

வெயில் நாளில் அதிகம் தண்ணீர் குடித்தாலே இப்படிப் போகும். முலாம்பழத்தோல், கீரைத்தண்டு, தர்பூசணி என்று நிறைய போட்டிருந்தாலும் போகும். ஒருநாள் நிறுத்திப் பாருங்கள்.

நம் பக்கம் இன்னொரு காரணம் உண்டு, யாரும் யோசிப்பதில்லை: கருவாடு. கடலூர் முதுநகர் பக்கமோ புதுச்சேரி தேங்காய்த்திட்டு பக்கமோ மலிவாகக் கிடைக்கும் உப்புக் கருவாட்டுத் தலையையும் தூளையும் கோழிக்கு அள்ளிப் போடுவார்கள். உப்பு அளவு மீறினால் கோழிக்கு விஷம். ஓயாமல் தண்ணீர் குடிக்கும், தண்ணீராகக் கழியும், அப்புறம் கால் தள்ளாடும். கருவாட்டை நிறுத்தி, நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வையுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் ஓஆர்எஸ் வேண்டாம், அதிலும் உப்பு இருக்கிறது. தள்ளாட ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மழைக்காலத்தில் பூசணம் பிடித்த மல்லாட்டை (நிலக்கடலை) புண்ணாக்கு, ஈரம் ஏறிய தவிடு, மக்கிய கம்பு இதெல்லாம் கூட இப்படிச் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் சாக்கைத் தரையில் வைத்தாலே கீழ்ப்பக்கம் பூசணம் பிடித்துவிடும். மோந்து பாருங்கள், மண்வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். வெயிலில் காயவைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது தவறு, பூசணம் விட்ட நஞ்சு வெயிலுக்குப் போகாது.

### ரத்தம் கலந்து போகிறது

குஞ்சுகளில், மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் இருப்பவற்றில் வந்தால் பெரும்பாலும் ரத்தக்கழிச்சல்தான். ஈரத்தரைதான் இதற்குப் பிறப்பிடம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது கொட்டித்தீர்த்த மழையிலும், அதற்குப் பின்னால் தென்பெண்ணை பொங்கிக் கடலூர் ஓரத்துக் கிராமங்களில் தண்ணீர் நின்றபோதும் கண்டது போன்ற நசநசப்பு இதற்குத் தோதான காலம். வெள்ளம்தான் வர வேண்டும் என்றில்லை, தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து ஒரு மூலை நாள் முழுக்க ஈரமாக இருந்தாலே போதும்.

ஆம்புரோலியம் என்று கால்நடை மருந்துக்கடையில் தூளாகவும் திரவமாகவும் கிடைக்கும், தண்ணீரில் கலந்து கொடுப்பது. பாக்கெட்டில் உள்ள அளவையும் நாளையும் அப்படியே பின்பற்றுங்கள், இரண்டாம் நாளே குஞ்சு தெளிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். கூடவே தரையைச் சுரண்டி, பழைய உமியை மொத்தமாக அள்ளி, காய்ந்த உமி போடுங்கள். மருந்து மட்டும் கொடுத்துத் தரையை அப்படியே விட்டால் திரும்ப வரும். இரண்டு நாளில் ரத்தம் நிற்கவில்லை என்றால், அல்லது குஞ்சு சாகத் தொடங்கினால் எச்சத்தை ஒரு கவரில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

### பச்சையும் வெள்ளையுமாகப் போகிறது

சாப்பிடாமல் கிடக்கும் எந்தக் கோழியும் கொஞ்சம் பச்சையாகப் போகும், பித்தம் மட்டும்தான் வெளியே வரும். அதனால் பச்சை நிறம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆனால் பச்சை வெள்ளைக் கழிச்சலோடு தூங்கி விழுவதும், வாயில் கோழை ஒழுகுவதும், மூச்சுத் திணறலும், ஒரே நேரத்தில் பல கோழிக்கு வந்ததும் சேர்ந்தால் அது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்வது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் நாலைந்து நாளில் கூட்டையே காலி செய்துவிடும். பிழைத்த ஒன்றிரண்டு, கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சுற்றும்.

இதை நேராகச் சொல்லிவிடுகிறேன்: இதற்கு மருந்து கிடையாது. வைரஸ் நோய். கீழாநெல்லி, சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுப்பது நம் ஊரில் உண்டு, நானும் கொடுக்கிறேன், சாப்பிடத் தெம்பு வருகிறது, கெடுதல் இல்லை. அதையே நம்பி மற்ற கோழிகளைச் சேர்த்தே வைத்திருந்தால் எல்லாம் போய்விடும்.

இந்த நேரத்தில் நம் ஆட்கள் செய்கிற ஒரு காரியம்தான் மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு கோழி செத்ததும் மிச்சத்தை "இருக்கும்போதே விற்றுவிடலாம்" என்று சந்தைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். வாங்குகிறவர் வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார், அங்கே இருக்கும் ஒரு பாட்டியின் ஆறு கோழியும் அடுத்த வாரம் போகிறது. முட்டை விற்றுச் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். செத்ததை ஆற்றிலோ வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ வீசாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

தடுக்க வழி இருக்கிறது, அதுவும் காசில்லாமல். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, கிராமத்துக்கே வருவார்கள். பனி முடிந்து வெயில் ஏறும் மாசி பங்குனிக்கு முன்னால் போட்டுக்கொள்வதுதான் சரியான நேரம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, மூன்று நாலு வாரத்தில் இன்னொரு தடவை, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கைக்கு அடியில் ஊசி. அந்த ஊசி மருந்து வீரியமானது, எட்டு வாரத்துக்கு முன்னால் போடக்கூடாது. ஏற்கனவே சோர்ந்திருக்கும் கோழிக்கும் போடக்கூடாது. மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, கலந்த ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போடுவது நல்லது. கோழிகளை முதல்நாள் இரவே கூட்டில் அடைத்துவைத்தால் விடியற்காலையில் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

## மூச்சில் கொர் கொர், தும்மல், முகம் வீக்கம்

முதலில் கூட்டைப் பாருங்கள். காலையில் கதவைத் திறக்கும் முன் குனிந்து கோழி உட்காரும் உயரத்தில் முகத்தை வையுங்கள். கண் எரிந்தால், மூக்கில் காரமாக ஏறினால் அது எச்சத்தின் ஆவி. நமக்கே எரிகிறது என்றால் இரவெல்லாம் அதற்குள் கிடக்கிற கோழிக்கு எப்படி இருக்கும். மழைக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவதுதான் காரணம். மேல்பக்கம் ஒரு முழம் திறந்துவிடுங்கள், தரையைச் சுத்தம் செய்யுங்கள். விறகடுப்புப் புகை போகும் பக்கம் கூடு இருந்தால் மாற்றுங்கள். வெறும் தும்மல் என்றால் நாலைந்து நாளில் இதுவே போதும்.

இரவில், எல்லாம் அடங்கிய பிறகு கூட்டருகே நின்று கேளுங்கள். பகலில் தெரியாத கொரகொரப்பு அப்போது தெரியும். நிற்கவே இல்லை, எடையும் குறைகிறது என்றால் நாள்பட்ட சளி. அதற்கு டாக்டர் எழுதித் தரும் மருந்து வேண்டும்.

ஒரு கண்ணுக்குக் கீழே அல்லது இரண்டு பக்கமும் முகம் உப்பி, கண் ஓரம் நுரை பூத்து, மூக்கிலிருந்து வடிவது மோந்தாலே குமட்டுகிற நாற்றம் அடித்தால் அது தொற்றுச் சளி. அந்த நாற்றத்தை ஒருமுறை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மருந்துக்குக் கேட்கும், சீக்கிரம் ஆரம்பித்தால். ஆனால் தேறிய கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும், புதுக்கோழி வாங்கிவிட்டால் அதற்குக் கொடுக்கும். டாக்டர் மருந்து எழுதும்போது முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாமே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதில் உள்ள ஆபத்து அதுதான், மருந்து முட்டை வழியாகக் குழந்தைகள் தட்டுக்கு வரும். பழைய பாட்டில் வீட்டில் இருக்கிறது என்று எடுத்து ஊற்றாதீர்கள். கோலிஸ்டின் என்ற மருந்தை இறைச்சிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பதையே 2019இல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள்.

## கொண்டையிலும் கண்ணோரத்திலும் பரு

கொத்துக்காயம் என்றால் ஒன்றிரண்டு இடத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருக்கும், சேவல் சண்டை பார்த்திருப்பீர்கள். மருதாணி விதை அளவில் பல இடத்தில் சொரசொரப்பாக எழும்பி, மஞ்சளாகிக் கறுத்தால் அம்மை. கொசு கடித்துப் பரவுவது. மழை முடிந்து கொசு பெருகும் நேரத்தில் தெருத் தெருவாக வரும்.

வெளியில் மட்டும் இருந்தால் மூன்று நாலு வாரத்தில் காய்ந்து உதிரும். உரிக்காதீர்கள், ரத்தம் வந்தால் பரவும். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவலாம். இதில் கோழி சாவது பெரும்பாலும் அம்மையால் இல்லை, பசியால். கண் இமையில் பரு வந்து ஒட்டிக்கொண்டதும் தீவனம் தெரியாது. தினம் இரண்டு வேளை கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பஞ்சை நனைத்துக் கண்ணில் வைத்து ஊறவிட்டு மெதுவாகத் திறந்துவிடுங்கள். நொய்க்கஞ்சியைக் கெட்டியாக்கி அலகு முனையில் தொட்டுக் காட்டுங்கள், ருசி கண்டதும் அதுவே கொத்தும். இப்படி ஒரு வாரம் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவை தப்பிக்கும்.

வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே மஞ்சளாக ஏடு படிந்து, மூச்சு விடத் திணறினால் அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. டாக்டர்.

## நடக்கவில்லை, கால் இழுக்கிறது

முதலில் விரல்கள். நூல், தலைமுடி, வலைக்கயிறு சுற்றி இறுகியிருக்கும், மீன்பிடி வலைத்துண்டு கிடக்கும் தெருக்களில் இது அடிக்கடி நடக்கும். தண்ணீரில் ஊறவைத்து, சின்னக் கத்தரியால் வெட்டுங்கள். அப்புறம் பாதத்தைத் திருப்புங்கள். நடுவில் கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் பாதப்புண். சின்னதென்றால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அயோடின் தடவி, துணி சுற்றி மெத்தென்ற தரையில் விடுங்கள். வீக்கம் கெட்டியாக, சூடாக இருந்தால் அறுத்து எடுக்க வேண்டும், நாம் செய்யக்கூடாது. கால் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசியது போல இருந்தால் அது கால்செள். தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ ஒருநாள் விட்டு ஒருநாள் தடவினால் சில வாரத்தில் உதிர்ந்து சரியாகும்.

கால் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பெட்டை எழவில்லை என்றால் முட்டை அடைப்பைப் பாருங்கள், கீழே எழுதியிருக்கிறேன். இளங்கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துவிட்டால் மேரெக்ஸ் என்ற வாத நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இல்லை.

கழுத்து துணி போலத் துவண்டு தலையைத் தூக்கவே முடியவில்லையா? அழுகிய செத்த எலி, கோழி, மீன் எங்காவது கிடந்து அதன் புழுவைத் தின்றிருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு இது அதிகம். அந்த அழுகலைத் தேடிப் புதைத்துவிட்டுக் கோழியை உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். வாயில் எச்சில் ஒழுகி, உடம்பு வெட்டி இழுத்தால் பூச்சிமருந்து. மல்லாட்டை விதைக்கும் சமயம் பக்கத்துக் கொல்லையில் மருந்து கலந்த விதையைக் கிளறித் தின்றுவிடும். இதில் மணிக்கணக்குதான் அவகாசம், மருந்து டப்பா கிடைத்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

## முட்டை இட முடியாமல் திணறுகிறது

வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி, கூட்டுக்குப் போய்ப் போய்த் திரும்பும். முக்கும், ஒன்றும் வராது. கழிவாய்க்குக் கீழே அடிவயிற்றை மெதுவாகத் தொட்டால் உருண்டையாகத் தட்டுப்படும். பெரும்பாலும் முதல்முட்டை இடும் விடைக்கோழிக்கும், வயதான கோழிக்கும் வரும்.

கை தாங்குகிற சூட்டில் தண்ணீர் எடுத்து, அகலமான டப்பில் கோழியை வயிறு முழுகும்படி பதினைந்து இருபது நிமிடம் உட்காரவையுங்கள். முதலில் உதறும், அப்புறம் சூடு இதமாக இருக்க அமைதியாகிவிடும். துடைத்து, கழிவாய் ஓரம் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான பெட்டியில் தனியாக விடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. பலதும் இதிலேயே இட்டுவிடும். வயிற்றை அமுக்கிப் பிதுக்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் ஓடு கிழித்துவிடும். மறுநாள் காலை வரை வரவில்லை, அல்லது கோழி படுத்துவிட்டது என்றால் டாக்டர்தான்.

சிவப்பாகச் சதை வெளியே தள்ளியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஈரத்துணி மூடி, மற்ற கோழி கண்ணில் படாமல் எடுத்துப் போங்கள். சிவப்பைக் கண்டால் கொத்திக் குடலையே இழுத்துவிடும்.

திரும்ப வராமல் இருக்கக் கிளிஞ்சல் போடுங்கள். நமக்குக் கடற்கரையிலேயே கிடைக்கிறது, நன்றாகக் கழுவிக் காயவைத்து, அரிசி அளவுக்கு இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டுகிற கோழி கொத்திக்கொள்ளும்.

## இரைப்பை வீங்கியே இருக்கிறது

கழுத்துக்குக் கீழே நெஞ்சில் இருக்கும் தீனிப்பை மாலையில் நிறைந்து, காலையில் தட்டையாகிவிட வேண்டும். அதனால் விடிந்ததும் தீவனம் போடும் முன் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக உருண்டிருந்தால் நீளப்புல், வைக்கோல், சாக்கு நூல், பாலிதீன் அடைத்திருக்கும். தீவனத்தை நிறுத்தி, சில சொட்டு எண்ணெயும் தண்ணீரும் அலகோரம் விட்டு, மேலிருந்து கீழாக மெதுவாகப் பிசைந்துவிடுங்கள், நாளுக்கு மூன்று நாலு தடவை. பொதபொத என்று, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே புளித்துவிட்டது. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அந்தப் புளித்த தண்ணீர் மூச்சுக்குழலில் போய்ச் செத்த கோழிகள் உண்டு. ஒரு நாளுக்கு மேல் இறங்கவில்லை என்றால் டாக்டர் சிறிதாகக் கீறி எடுத்துத் தைத்துவிடுவார், நன்றாகவே ஆறிவிடும்.

## திடீரென்று சாகிறது

ஒரு கோழி மட்டும் இரவில் செத்துக் கிடந்தால் பாம்பு, கீரி, வெயில், வயது எதுவாகவும் இருக்கலாம். பல கோழிகள் ஒன்றிரண்டு நாளுக்குள், அதுவும் கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, கால் தோலில் ரத்தத் திட்டோடு செத்தால், பக்கத்தில் காக்கையோ வாத்தோ செத்துக் கிடந்தால், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். அறுக்காதீர்கள், சமைக்காதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள், செத்ததை எங்கும் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு மற்ற கோழிகளை அடைத்துவிட்டுக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள். நோய் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அழிப்பது உண்மைதான், அழிக்கும் கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு. மறைக்காதீர்கள், அது மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய்.

## எங்கே போவது

கடலூர் மாவட்டத்தில் பக்கத்துக் கால்நடை மருந்தகம்தான் முதல் இடம், காலையிலேயே போய்விடுங்கள். தமிழ்நாட்டில் 1962 எண்ணுக்குக் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை வண்டி வரும். கடலூரிலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வளர்ப்பில் வரும் சந்தேகங்களை அங்கே கேட்கலாம். புதுச்சேரி, பாகூர், வில்லியனூர்க்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி வசதி. "ஒரு கோழிக்கா டாக்டர்?" என்று கூச்சப்பட வேண்டாம், அவர்கள் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

காரணம் தெரியாமல் கோழி செத்து, பறவைக் காய்ச்சல் அடையாளம் எதுவும் இல்லை என்றால், அறுத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மிச்சக் கோழிகளைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி இல்லை. செத்த சில மணி நேரத்துக்குள் இரண்டு பாலிதீன் கவரில் கட்டி, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்துக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து உள்ளுறுப்பு கெட்டுவிடும். போகும்போது கோழியின் வயது, எத்தனை சோர்ந்தது, எத்தனை செத்தது, போட்ட தடுப்பூசி, கடைசியாக மாற்றிய தீவனம், புதிதாக வாங்கிச் சேர்த்த கோழி இருந்தால் அது வந்த தேதி, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.